வெள்ளி மாலை ஜெப ஆலயத்தில்: யூதர்களின் ஷபாத் வழிபாட்டுக்கு முதன்முறை செல்பவர்களுக்கு

யூதர்களின் பிரார்த்தனை நூலுக்கு எபிரேயத்தில் சிதூர் என்று பெயர். வரிசை, முறை என்று பொருள் தரும் வேரிலிருந்து வந்த சொல் அது. தேவாரத்தையும் திருவாசகத்தையும் திருமுறை என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்தப் பெயர் எளிதில் பிடிபடும். எந்தச் சொல், எதற்குப் பின், எந்த வேளையில் வருகிறது என்பதும் அங்கே வழிபாட்டின் பகுதிதான்.

முதன்முறை செல்பவர் திணறுவதும் அந்த வரிசையில்தான். சுற்றிலும் எல்லோரும் மனப்பாடமாக ஓதுகிறார்கள். ஒருவர் முணுமுணுக்கிறார், இன்னொருவர் உரக்கப் பாடுகிறார். திடீரென்று அனைவரும் எழுகிறார்கள். ஏன் என்று தெரிவதற்குள் உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் முதலில் சென்ற வெள்ளி மாலையில் பாதி நேரம் பக்கம் தேடுவதிலேயே கழிந்தது. அருகிலிருந்த முதியவர் இரண்டு முறை என் புத்தகத்தை வாங்கிச் சரியான பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது முறை அதை மெல்ல மூடி என் கையில் வைத்துவிட்டு, தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் வழி இதுதான்: பக்கத்தைத் துரத்தாதீர்கள், நான்கு நிறுத்தங்களை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். பார்ஹு, ஷெமா, அமீதா, கதீஷ். ஐரோப்பிய வழிவந்த அஷ்கனாசியர், ஸ்பெயின் வழிவந்த செபார்தியர், யேமன் நாட்டு யூதர் என்று யாருடைய ஆலயத்துக்குச் சென்றாலும், காலையோ மாலையோ, இந்த நான்கும் இருக்கும். இவற்றுக்கு இடையில் வருபவை ஊருக்கு ஊர் கூடும், குறையும்.

நாள்தோறும் மூன்று வேளை வழிபாடு உண்டு: காலையில் ஷஹரித், பிற்பகலில் மின்ஹா, இரவில் மாரிவ். இவற்றுள் முதல் அனுபவத்துக்கு வெள்ளிக்கிழமை மாலையையே நான் பரிந்துரைப்பேன். யூதர்களின் நாள் சூரியன் மறையும்போது பிறக்கிறது. எனவே ஓய்வுநாளான ஷபாத் வெள்ளி மாலையே தொடங்கிவிடும். அந்த வழிபாடு பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும், பாட்டு மிகுதி, யூத வேதமான தோராவின் சுருளை வெளியே எடுத்து வாசிக்கும் சடங்கு கிடையாது. ஆகவே தவறு செய்ய வாய்ப்பும் குறைவு.

முதல் படி: முன்கூட்டியே எழுதுங்கள்

முன்னறிவிப்பின்றிப் போய் நிற்க வேண்டாம். குறைந்தது ஒரு வாரம் முன்பே ஆலய அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் பெயர், வர விரும்பும் தேதி, எத்தனை பேர், ஏன் வர விரும்புகிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். நீங்கள் யூதர் அல்லர் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடையாள அட்டையின் படம் கேட்பார்கள்; வாசலில் காவலர் பையைச் சோதிப்பார். இதில் மனம் வருந்த எதுவும் இல்லை. 2008 நவம்பரில் மும்பையின் யூத மையமான நரிமன் இல்லத்தில் நடந்த தாக்குதலை நாம் அறிவோம். 2018 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், ஷபாத் காலை வழிபாட்டுக்கு வந்த 11 பேர் ஆலயத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதே விருந்தினர் காட்டும் முதல் மரியாதை.

எங்கே செல்வது? சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு வாட்டர்லூ தெருவில் 1878இல் திறக்கப்பட்ட மகேன் அபோத் ஆலயம் இருக்கிறது. லண்டனில் 1701இல் கட்டப்பட்ட பெவிஸ் மார்க்ஸ், ஸ்பானிய, போர்த்துகீசிய யூதர்களின் முறையில் இன்றும் வழிபாடு நடக்கும் ஆலயம். மும்பையிலும் டெல்லியிலும் ஆலயங்கள் உண்டு. நம் பக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்தைப் பலர் சுற்றுலாவில் பார்த்திருப்பார்கள். ஆனால் அங்கே வழக்கமான வழிபாட்டை எதிர்பார்க்க முடியாது. காரணம், கூட்டு வழிபாட்டுக்கு மின்யான் வேண்டும். அதாவது 13 வயது நிறைந்த 10 பேர். மரபு வழுவாத ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் ஆண்களை மட்டும் எண்ணுவார்கள். சீர்திருத்தப் பிரிவுகளில் பெண்களையும் சேர்த்து எண்ணுவார்கள். கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். பத்துப் பேர் கூடாத ஆலயத்தில் பார்ஹுவும் கதீஷும் ஒலிக்காது. நீல ஓவியம் தீட்டிய அந்தச் சீனத் தரை ஓடுகளின் மேல் நின்றபோது எனக்கு மிகவும் கனத்தது இந்த எண்ணம்தான்.

மின்னஞ்சலிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்து அமர்வார்களா, தனித்தனியா? வழிபாடு எத்தனை மணிக்கு? இரண்டாவது கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். நேரத்தைச் சூரியன்தான் தீர்மானிக்கிறது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 7 மணி. லண்டனிலோ டிசம்பரில் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் இரவு 9 மணி தாண்டும். வீட்டில் பெண்கள் ஷபாத் விளக்கேற்றுவது பெரும்பாலான ஊர்களில் மறைவுக்கு 18 நிமிடம் முன்பு. எருசலேமில் 40 நிமிடம்.

இரண்டாம் படி: புறப்படும் முன்

உடை அடக்கமாக, சற்றே விசேஷமாக இருக்கட்டும். ஆர்த்தடாக்ஸ் ஆலயமென்றால் பெண்கள் தோளும் முழங்காலும் மூடிய உடை அணிவது நல்லது. ஆண்கள், எந்த மதத்தினராயினும், தலையை மூட வேண்டும். கிப்பா எனப்படும் சிறு குல்லாய் வாசலில் ஒரு பெட்டியில் இருக்கும், எடுத்துக்கொள்ளலாம். தாலித் என்னும் குஞ்சம் வைத்த வெண்போர்வையும் அங்கே தொங்கலாம். அதை எடுக்க வேண்டாம். அது யூதர்களின் கடமையைச் சேர்ந்தது. வெள்ளி இரவில் அவர்களே பெரும்பாலும் அணிவதில்லை.

கைபேசியை அணைத்துப் பையின் அடியில் போடுங்கள். இயன்றால் கொண்டுபோகவே வேண்டாம். ஷபாத்தில் எழுதுவது, படம் எடுப்பது, மின்விசையைத் தொடுவது எல்லாம் மரபுவழி யூதர்கள் தவிர்ப்பவை. நீங்கள் குறிப்பு எடுக்க விரும்பினால் வீட்டுக்கு வந்து எழுதுங்கள். கழிவறைக்குச் சென்றால் விளக்கு எரிந்தபடியே இருக்கும். வெளியே வரும்போது பழக்கத்தில் அணைத்துவிடாதீர்கள். உள்ளே வரும் அடுத்தவர் இருட்டில் நிற்க நேரும், அவரால் அதைப் போடவும் முடியாது. காணிக்கை கொடுக்கும் எண்ணம் இருந்தால் வேறொரு நாள் அனுப்புங்கள். ஷபாத்தில் பணத்தைத் தொடமாட்டார்கள்.

ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் செஃபாரியா என்ற இணையதளத்தில் சிதூரின் எபிரேய மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசமாகக் கிடைக்கும். முழுவதையும் படிக்க முயலாதீர்கள். வெள்ளி மாலைப் பகுதியில் அமீதாவின் மொழிபெயர்ப்பை மட்டும் நிதானமாக ஒருமுறை படித்துவிட்டுச் செல்லுங்கள்.

மூன்றாம் படி: உள்ளே நுழைந்ததும்

எதிர்ப்படுபவரிடம் "ஷபாத் ஷாலோம்" என்று சொல்லுங்கள். ஓய்வுநாளின் அமைதி உங்களுக்கு உண்டாகட்டும் என்பது பொருள். பிறகு, உட்காரும் முன், எங்கே உட்காரலாம் என்று கேளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பிரார்த்தனைக்கு ஒருவர் தமக்கென்று நிலையான இடம் வைத்துக்கொள்வது யூத அறிஞர்களின் பழைய விளக்கத் தொகுப்பான தல்மூத்தின் காலத்திலிருந்தே போற்றப்படும் வழக்கம். காலியாகத் தெரியும் நாற்காலி, நாற்பது ஆண்டுகளாக ஒருவர் நின்று அழுத இடமாக இருக்கலாம். நடுவரிசையில் ஓரத்து இடம் கிடைத்தால் நல்லது. முன்னால் இருப்பவர்களைப் பார்த்து எழவும் அமரவும் முடியும்.

கண்ணுக்கு முன்னால் திரையிட்ட பேழை இருக்கும். தோரா சுருள்கள் அதற்குள் இருக்கின்றன. அதன் மேல் ஓயாமல் எரியும் விளக்கு, நேர் தமீத். நம் கல்வெட்டுகளில் வரும் நந்தா விளக்கு என்ற சொல்லே அதற்குச் சரியான தமிழ். பேழை எருசலேமின் திசையில் அமைந்திருக்கும். லண்டனில் கிழக்கு நோக்குபவர்கள், இந்தியாவில் மேற்கு நோக்குகிறார்கள். வாசிப்பதற்கான மேடைக்குப் பீமா என்று பெயர், செபார்தியர் தேவா என்பார்கள். கொச்சிப் பகுதி ஆலயங்களில் மட்டும் மேல்தளத்தில் பெண்கள் பகுதியை ஒட்டி இரண்டாவதாக ஒரு பீமாவும் இருப்பதைக் காணலாம்.

சிதூரைக் கேட்டு வாங்குங்கள். எபிரேயம் வலமிருந்து இடமாகச் செல்வதால், நமக்குக் கடைசி அட்டையாகத் தெரிவதே முதல் அட்டை. புத்தகத்தைத் தரையில் வைக்காதீர்கள். தவறி விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்கள். கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. கடவுளின் பெயர் எழுதப்பட்ட ஏட்டை எறியவோ எரிக்கவோ மாட்டார்கள். நைந்துபோனால் கெனிசா என்ற சேமிப்பிடத்தில் வைத்துப் பிறகு மண்ணில் புதைப்பார்கள். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஆலயத்தில் அப்படிப் புதைக்கப்படாமல் நூற்றாண்டுக்கணக்கில் குவிந்த ஏடுகளில் பெரும்பகுதியை 1896-97இல் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். மறைந்துபோன பழைய பிரார்த்தனை வடிவங்கள் பல அதிலிருந்துதான் மீண்டும் தெரியவந்தன. மங்களூர்க் கரையில் வாழ்ந்த 12ஆம் நூற்றாண்டு யூத வணிகரின் கடிதங்களும் அந்தக் குவியலிலேயே கிடைத்தன.

அந்தப் பெயரைப் பற்றி ஒரு சொல். நான்கு எபிரேய எழுத்துகளால் ஆன இறைவன் பெயரை யாரும் எழுத்துப்படி உச்சரிப்பதில்லை. பிரார்த்தனையில் அதொனாய் என்று வாசிப்பார்கள், பேச்சில் ஹஷேம், அதாவது 'அந்தப் பெயர்' என்பார்கள். நீங்கள் பேசும்போது ஹஷேம் என்றோ கடவுள் என்றோ சொல்வதே அவர்களுக்கு இதமாக இருக்கும்.

நான்காம் படி: மணமகளை வரவேற்கும் நேரம்

முதல் பகுதிக்கு கபலாத் ஷபாத் என்று பெயர், ஷபாத்தை எதிர்கொண்டு வரவேற்பது. வேதாகமத்தின் சங்கீதம் 95 முதல் 99 வரை, பிறகு 29. மொத்தம் ஆறு, கடந்துபோன ஆறு வேலை நாட்களுக்கு ஒவ்வொன்று. செபார்திய ஆலயங்களில் உன்னதப்பாட்டை ஓதித் தொடங்குவார்கள், சிலவற்றில் 29ஆம் சங்கீதத்திலிருந்தே ஆரம்பிப்பார்கள். இந்தப் பகுதியில் நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. தமிழ் வேதாகமத்தில் அந்தச் சங்கீதங்களை முன்பே படித்திருந்தால் போதும், எண்கள் மாறாது.

அப்புறம் லெஹா தோதி வரும். "வா, என் அன்பே, மணமகளை எதிர்கொள்ள" என்று தொடங்கும் இந்தப் பாட்டை 16ஆம் நூற்றாண்டில், இன்றைய இஸ்ரேலின் வடக்கே உள்ள சஃபேத் நகரில் வாழ்ந்த ஷ்லோமோ ஹலேவி அல்கபேத்ஸ் இயற்றினார். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நிறைந்திருந்த மலையூர் அது. அங்கிருந்த ஞானிகள் வெள்ளி மாலைகளில் வெண்ணிற ஆடையுடன் வயல்வெளிக்குச் சென்று ஷபாத் என்னும் அரசியை, மணமகளை, எதிர்கொண்டார்கள். முதல் எட்டுச் சரணங்களின் தலையெழுத்துகளைச் சேர்த்தால் ஷ்லோமோ ஹலேவி என்ற பெயர் வரும். சம்பந்தர் தம் பதிகத்தின் கடைக்காப்பில் தம் பெயரைப் பொறித்ததுபோல இவர் சரண முதல்களில் பொறித்திருக்கிறார். வரவேற்புப் பாட்டென்றாலும் அதன் நடுச்சரணங்கள் இடிந்து கிடந்த எருசலேமைப் பார்த்து, புழுதியை உதறிவிட்டு எழுந்திரு என்று சொல்பவை. பல ஆலயங்களில் அங்கே மெட்டும் மாறும். ஏனென்று யாரும் விளக்கமாட்டார்கள். நீங்களே கேட்டு உணர்வீர்கள்.

கடைசிச் சரணத்துக்கு எழுந்து நில்லுங்கள். எல்லோரும் பேழைக்கு முதுகு காட்டி வாசலை நோக்கித் திரும்புவார்கள். சில இடங்களில் மேற்கு நோக்கி. "போயி கலா, போயி கலா": வா மணமகளே, வா மணமகளே என்று பாடியபடி தலை வணங்குவார்கள். நீங்களும் திரும்பி நிற்கலாம், வணங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அந்த வாசல் இன்னொன்றுக்கும் திறக்கும். அந்த வாரம் தாயையோ தந்தையையோ உடன்பிறந்தவரையோ புதைத்துவிட்டு ஏழு நாள் துக்கத்தில் இருப்பவர், மகிழ்ச்சிப் பாட்டு முடியும்வரை வெளியே காத்திருப்பார். அது அஷ்கனாசியர் வழக்கம். மணமகளை வரவேற்கத் திரும்பிய அதே கூட்டம், பாட்டு முடிந்ததும் அவர் உள்ளே வருவதைப் பார்த்து, சீயோனுக்காகத் துக்கிக்கும் அனைவரோடும் உங்களையும் கடவுள் தேற்றுவாராக என்று ஒரே குரலில் சொல்லும். நான் இதை ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். ஒரு மகன் கதவருகே நின்றார். அவர் பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் அந்த நிமிடத்தை மறக்க முடியவில்லை. நீங்கள் சென்ற அன்று அப்படி யாராவது நுழைந்தால், எழுந்து நின்று அமைதியாக இருங்கள்.

சங்கீதம் 92, 93 ஓதியபின் இந்தப் பகுதி முடிகிறது.

ஐந்தாம் படி: பார்ஹு, ஷெமா

இப்போதுதான் மாரிவ் தொடங்குகிறது. வழிநடத்துபவர், ஹசான், ஒரு வரியை உரக்கப் பாடுவார்: "பார்ஹு எத் அதொனாய் ஹமெவோராஹ்." வாழ்த்தப்படும் அவரை வாழ்த்துங்கள் என்று அழைக்கிறார். சபை எழுந்து, "பாருஹ் அதொனாய் ஹமெவோராஹ் லெஓலாம் வாஎத்" என்று பதிலளிக்கும். இங்கே ஹ என்று நான் எழுதும் இடங்களில் பல, தொண்டையை உரசி வரும் ஒலிகள். அஃது, இஃது என்பதை அழுத்திச் சொல்லிப் பார்த்தால் கிட்டத்தட்ட வரும். இது முதல் நிறுத்தம். எவ்வளவு வழி தவறியிருந்தாலும் பார்ஹு கேட்டதும் சிதூரில் மாரிவ் தொடங்கும் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

சில நிமிடத்தில் ஷெமா. "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் உபாகமம் 6:4. ஷெமா என்றாலே 'கேள்' என்றுதான் பொருள். முதல் வரியை வலக்கையால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அடுத்த வரியைக் கிசுகிசுப்பாகச் சொல்வார்கள். பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரில் மட்டும் அதை உரக்கச் சொல்வது வழக்கம். தொடர்ந்து உபாகமம் 6, 11ஆம் அதிகாரங்கள், எண்ணாகமம் 15ஆம் அதிகாரம் ஆகியவற்றிலிருந்து மூன்று பகுதிகள். ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் உட்கார்ந்தபடியே ஓதுவார்கள், சீர்திருத்தப் பிரிவினர் பலர் எழுந்து நிற்பார்கள். பக்கத்து இருக்கையைப் பாருங்கள். ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பின் முதல் வாக்கியமே, மாலை ஷெமாவை எந்த நேரம் முதல் ஓதலாம் என்ற கேள்விதான். அத்தனை சட்டங்களுக்கும் முன்னால் இதை வைத்தார்கள்.

இடையிடையே "பாருஹ் அதா அதொனாய்" என்று தொடங்கி முடியும் வாழ்த்துகள் வரும். ஹசான் முடிக்கும்போது சபை ஆமென் சொல்லும். பொருள் புரிந்து, மனம் ஒப்பினால் நீங்களும் சொல்லலாம். சொல்லாமல் இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆறாம் படி: அமீதா, அந்த மௌனம்

அமீதா என்றால் நிற்பது. வழிபாட்டின் உயிர் இதுவே. பழைய நூல்கள் வெறுமனே 'பிரார்த்தனை' என்று சொன்னால் இதைத்தான் குறிக்கும். எல்லோரும் மூன்றடி பின்னே வைத்து, மூன்றடி முன்னே வந்து, இரு பாதங்களையும் சேர்த்து எருசலேம் நோக்கி நிற்பார்கள். அரசன் முன் செல்பவரின் நடை அது. உதடு அசையும், குரல் கேட்காது. பிள்ளை வரம் கேட்டு அழுத அன்னாளின் உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை என்று சாமுவேலின் முதல் நூல் சொல்கிறதல்லவா? குடித்திருக்கிறாள் என்று குரு ஏலி தவறாக எண்ணிய அந்தப் பெண்ணிடமிருந்தே பிரார்த்தனை செய்யும் முறையைக் கற்றதாகத் தல்மூத் அறிஞர்கள் சொன்னார்கள்.

வேலை நாட்களில் அமீதாவில் 19 வாழ்த்துகள் உண்டு. ஆனாலும் பழைய கணக்குப்படி 'பதினெட்டு' என்றே அழைக்கிறார்கள். முதல் மூன்று புகழ்ச்சி, கடைசி மூன்று நன்றியும் அமைதியும், நடுவில் உள்ள 13 வேண்டுதல்கள்: அறிவு, மன்னிப்பு, நோய் தீர்தல், நல்ல விளைச்சல் என்று. ஷபாத்தில் அந்த 13ஐயும் எடுத்துவிட்டு, நாளின் புனிதத்தைப் பற்றிய ஒரே வாழ்த்தை வைப்பார்கள். ஆக, ஏழு. ஓய்வுநாளில் குறைகளை நினைத்து வருந்த வேண்டாம் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். கேட்பதற்கு ஆயிரம் இருக்கும் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் எதையும் கேட்காமல் நிற்பதை நினைத்துப் பாருங்கள். எனக்கு இந்த வழிபாட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நீங்கள் என்ன செய்யலாம்? எழுந்து நில்லுங்கள். மொழிபெயர்ப்பைப் படியுங்கள், அல்லது உங்கள் மனத்தில் உள்ளதை உங்கள் மொழியில் சொல்லிக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் அசைந்தாடுபவர்கள் இருப்பார்கள்; நீங்கள் ஆட வேண்டியதில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும்: பேசுவது, அமீதாவில் நிற்பவரின் முன்னால் குறுக்கே நடப்பது. வெளியே போக வேண்டியிருந்தாலும் அந்த ஐந்து நிமிடம் பொறுங்கள். ஒவ்வொருவரும் தம் வேகத்தில் முடித்து, மூன்றடி பின்வாங்கி, இடமும் வலமும் நடுவிலும் வணங்குவார்கள். கருவறைக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்து வெளியேறும் நம் பாட்டிமார் நினைவுக்கு வருவார்கள்.

ஏழாம் படி: பிந்தி வந்தவருக்கும் வழிப்போக்கருக்கும்

அமீதா முடிந்ததும் எல்லோரும் நின்றபடி ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களைச் சேர்ந்து ஓதுவார்கள். படைப்புக்குச் சாட்சி சொல்கிறார்கள். சாட்சி சொல்பவர் நிற்க வேண்டும். பிறகு ஹசான், ஏழு வாழ்த்துகளையும் சுருக்கி ஒரே வாழ்த்தாக்கிய பகுதியைப் பாடுவார். இதன் வரலாறு எனக்கு மிகவும் நெருக்கமானது. பாபிலோனியாவில் ஜெப ஆலயங்கள் ஊருக்கு வெளியே இருந்தன. பிந்தி வந்த ஒருவர் இருட்டில் தனியே திரும்ப நேரக்கூடாது என்பதற்காக, அவர் முடிக்கும்வரை கூட்டம் காத்திருக்கும்படி இந்தப் பகுதியைச் சேர்த்தார்கள். இன்று தெருவிளக்குகள் எரிகின்றன. பகுதி மட்டும் நீக்கப்படவில்லை.

பல ஆலயங்களில் இங்கேயே ஹசான் திராட்சரசக் கிண்ணத்தை உயர்த்தி, ஷபாத்தைப் புனிதப்படுத்தும் கிதூஷ் வாழ்த்தைச் சொல்வார். வீட்டு மேசையில் சொல்ல வேண்டியதை ஏன் இங்கே சொல்கிறார்? முற்காலத்தில் வழிப்போக்கர்கள் ஆலயத்திலேயே உண்டு உறங்கினார்கள். அவர்களுக்காகத் தொடங்கியது. வரிசை என்று பெயர் வைத்த ஒரு புத்தகம், தாமதமாக வந்தவருக்கும் வீடில்லாதவருக்கும் தன் வரிசைக்குள்ளேயே இடம் விட்டிருக்கிறது. புதியவராக நிற்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள், தோள்களின் இறுக்கம் தளரும்.

அடுத்து ஆலேனு என்னும் புகழ்ச்சிப் பிரார்த்தனை. நடுவில் ஓர் இடத்தில் முழங்காலை மடக்கி வணங்குவார்கள். நீங்கள் நின்றாலே போதும். இறுதியாக நான்காவது நிறுத்தம், துக்கிப்போரின் கதீஷ். பெற்றோரை இழந்தவர் 11 மாதங்களும், பிறகு ஆண்டுதோறும் இறந்த நாளிலும் இதைச் சொல்வார். எபிரேயத்தில் அல்ல, பழைய மக்கள்மொழியான அரமேயத்தில். அதில் மரணம் என்ற சொல்லே கிடையாது, முழுவதும் புகழ்ச்சி. நடுவில் சபை சேர்ந்து சொல்லும் வரி இது: "ஆமென், யெஹே ஷ்மே ரப்பா மெவாரஹ் லெஆலம் உல்ஆல்மே ஆல்மயா." அவருடைய மகத்தான பெயர் என்றென்றும் வாழ்த்தப்படுக என்று பொருள். ஒரே ஒரு வரியை மனப்பாடம் செய்ய முடியுமென்றால் இதைச் செய்யுங்கள். கதீஷைத் தனியே சொல்ல முடியாது, பதில் சொல்லப் பத்துப் பேர் வேண்டும். நீங்கள் அந்தப் பத்தில் சேரமாட்டீர்கள். ஆனாலும் துக்கத்தில் நிற்பவர் தன் குரலுக்குப் பதில் வருவதைக் கேட்கிறார்.

மெட்டுகளைக் கவனியுங்கள்

ஒரு வருடத்தில் மூன்று நான்கு முறை சென்றால் ஒன்றைக் கண்டுபிடிப்பீர்கள்: அதே சொற்கள் வேறு நாளில் வேறு இசையில் வரும். இதற்கு நுசாஹ் என்று பெயர். ஓதுவார்கள் பகற்பண், இரவுப்பண் என்று பிரித்துப் பாடுவதுபோல, வேலை நாளுக்கு ஓர் இசை, ஷபாத்துக்கு ஒன்று, புத்தாண்டுக்கும் யோம் கிப்பூருக்கும் இன்னொன்று. பழகிய காது, கண்ணை மூடிக்கொண்டே இன்று என்ன நாள், எந்த வேளை என்று சொல்லிவிடும். ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் ஷபாத்தில் இசைக்கருவி கிடையாது, மனிதக் குரல் மட்டுமே. சீர்திருத்த ஆலயங்களில் ஆர்கனோ கிதாரோ இருக்கலாம்.

ஊருக்கு ஊர் மெட்டும் மாறும். கொச்சி யூதர்கள் தங்கள் முறையை ஷிங்லி என்று அழைத்தார்கள். கொடுங்கல்லூருக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவுக்குரிய உரிமைகளை வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. கொச்சிப் பெண்கள் தங்கள் விழாப் பாடல்களை மலையாளத்திலேயே பாடினார்கள். மட்டாஞ்சேரியில் இருந்த கடவும்பாகம் ஆலயத்தின் உட்புறம் இப்போது எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எட்டாம் படி: வீட்டுக்கு அழைத்தால்

அழைப்பார்கள்; ஆலயத்தில் புதிய முகத்தைக் கண்டால் சாப்பிட அழைப்பது அவர்களுக்கு வழக்கம். முன்பே தெரிந்தால் பூங்கொத்தை வெள்ளி பிற்பகலிலேயே கொடுத்துவிடுங்கள். நீங்கள் சமைத்த உணவைக் கொண்டுசெல்ல வேண்டாம், கோஷர் என்னும் யூத உணவு விதிகள் கடுமையானவை. மேசையில் திறந்திருக்கும் திராட்சரசக் குப்பியை நீங்களாக எடுத்து ஊற்றாதீர்கள். அதற்கும் அவர்களிடம் சட்டம் உண்டு. வீட்டுக்காரர் ஊற்றித் தருவார்.

முதலில் தேவதூதர்களை வரவேற்கும் ஷாலோம் அலேஹெம் பாட்டு, ஒவ்வொரு சரணமும் மும்முறை. பிள்ளைகளின் தலையில் கை வைத்துப் பெற்றோர் ஆசி கூறுவார்கள். நீதிமொழிகள் 31இலிருந்து குணசாலியான பெண்ணைப் பற்றிய பகுதியைப் பாடுவார்கள். எல்லோரும் நிற்க, அல்லது அமர்ந்திருக்க, கிதூஷ். பிறகு இரட்டைக் கைப்பிடி கொண்ட குவளையால் கை கழுவப் போவார்கள். கழுவியதிலிருந்து ரொட்டியைச் சுவைக்கும்வரை யாரும் பேசமாட்டார்கள். புதியவர்கள் அனைவரும் தடுமாறும் இடம் இது: நீங்கள் ஏதோ கேட்பீர்கள், பதிலாகத் தலையசைப்பு மட்டும் வரும். கோபமோ என்று நினைக்காதீர்கள். துணி மூடிய இரண்டு ஹலா ரொட்டிகள் மேசையில் இருக்கும். வனாந்தரத்தில் ஆறாம் நாள் இரட்டிப்பாகக் கிடைத்த மன்னா என்னும் உணவின் நினைவு. வீட்டுக்காரர் வாழ்த்துச் சொல்லி, துண்டு போட்டு, உப்பில் தொட்டு உங்களிடம் நீட்டுவார். வாங்கி ஒரு வாய் உண்டபின், கேட்க நினைத்ததைக் கேட்கலாம்.